பெரும்பாடு உண்டா?

பெரும்பாடு என்ற சொல்லுக்கு எனக்கு இரண்டு அர்த்தம் தெரியும். ஒன்று பிறந்த வீட்டில் தெரிந்துகொண்டது, இன்னொன்று எம்.ஏ. தமிழ் படித்தபோது. பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை போடலாம் என்று ஊர் கூடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த இடத்துக்கும் பாடு என்றுதான் பெயர், அந்த முறைக்கும் பாடு என்றுதான் பெயர். முகத்துவாரத்தை ஒட்டி, இறால் கூட்டமாக ஓடுகிற இடத்தை எங்கள் பக்கத்தில் பெரும்பாடு என்பார்கள். அது உள்ள குடும்பத்தில் பெண் கொடுக்க ஆளுக்கு ஆள் முந்துவார்கள். பழைய வைத்திய நூல்களில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். மாதவிலக்கில் பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போனால் அது பெரும்பாடு. வேலையில்லாத நேரத்தில் அகராதியைப் புரட்டுகிற கெட்ட பழக்கம் எனக்கு இருந்ததால் இதுவும் தெரிந்தது.

இந்த இரண்டு அர்த்தமும் ஒரே மண்டைக்குள் இருந்த ஆள் அந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதனால் என் அக்காவுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பாடு கிடையாது. அது வலையும் படகும் வைத்திருக்கிற கடலோரக் குப்பத்துக் குடும்பங்களுக்கு உரியது. நாங்கள் ஏரிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள். எங்களுக்குக் கைதான் வலை. பெண்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, முட்டி போட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். கை இரண்டும் வேலையாக இருப்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். காலையில் இறங்கினால் வெயில் உச்சிக்கு வந்து சாயும்வரை தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் என்னென்ன கலக்கிறது என்று சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது. இந்த வேலைக்கு யாரும் சீட்டுப் போடுவதில்லை, முறை வைப்பதில்லை. இறங்குவதற்கு ஓர் உடம்பு இருந்தால் போதும்.

நைனா தன் இரண்டு பெண்களில் ஒருத்தியைப் படிக்க வைப்பது என்று முடிவு செய்தார். அக்காவுக்குத் தண்ணீர் பழகிவிட்டது, எனக்குப் பழகவில்லை. தேர்வு அவ்வளவுதான், அதில் மதிப்பெண் எதுவும் இல்லை. நான் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஆனேன். பதவியின் பெயரில் உள்ள கௌரவம் பெயரோடு சரி. மே மாதம் வந்தால் வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவும் நைனாவும் போன பிறகு ஊரில் அக்காவும் அவள் மகளும் இருந்தார்கள். மாமா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போய்விட்டு, பொங்கலுக்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கும் வந்துபோவார்.

அக்காவுக்கு ரத்தம் போவது எப்போது ஆரம்பித்தது என்று அவளே ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, வீட்டின் பின்பக்கம் கிழிசல் துணியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா, இவ்ளோ துணி?"

"மாசாமாசம் வர்றதுதான். கொஞ்சம் ஓவரா போவுது. நீ போய் சோறு துன்னு."

"எவ்ளோ நாளா?"

"நாளு இன்னா நாளு. வருது, நிக்குது, திரும்ப வருது. தண்ணில கீற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல. ஏரியில நிக்கச்சொல்ல எவன் பாக்கப் போறான்?"

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலிக்கிற இடுப்போடு, ரத்தம் போகிற உடம்போடு, அந்தச் சாக்கடைத் தண்ணீரில் போய் உட்காருவது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கரையில்தான் அவளுக்குப் பயம்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டேன். ஒருமுறை வந்தாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், இறங்க எழுந்தபோது சீட்டு நனைந்திருந்தது. நடத்துனர் பெரிய குரலில், "ஏம்மா, துடைச்சிட்டு எறங்கு, அடுத்த ஆளு உக்கார வேணாமா?" என்றார். முந்தானையால் துடைத்துவிட்டு இறங்கினாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வரவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற ஷேர் ஆட்டோவில் ஏறி, ஓட்டுபவரின் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உட்காராமலே தொத்திக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்றால் பேச்சை மாற்றுவாள்.

அந்தச் சமயத்தில் கடலோரக் குப்பங்களுக்கு ஒரு தர்ம ஸ்தாபனத்தின் மருத்துவ வண்டி வர ஆரம்பித்தது. உள்ளே பெண் டாக்டர், படுக்கை, திரை, ஸ்கேன் மிஷின் எல்லாம் இருந்தன. பேருந்து வேண்டாம், நடத்துனர் வேண்டாம், வீட்டிலிருந்து பத்தடி நடந்தால் போதும். அக்கா சம்மதிக்கக்கூடிய வைத்தியம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அந்த வண்டிதான். ஆனால் அது எங்கள் பக்கம் வரவில்லை. அந்தந்தக் குப்பத்துப் பெண்களை மட்டும்தான் பார்ப்பார்கள் என்பதால் அங்கே கூட்டிக்கொண்டு போகவும் முடியவில்லை. வண்டியைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். மரியாதையானவர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"இது ஆராய்ச்சி பண்ணி முடிவு பண்ண ரூட்டும்மா. ரத்தப்போக்கு பிரச்சினை வலைக்காரங்க வீட்டுப் பெண்களுக்குத்தான் அதிகமா இருக்கு. தண்ணியில நிக்கிற உங்க பெண்களுக்கு ரொம்பக் கம்மி. உப்புத்தண்ணி ஒருவேளை நல்லது பண்ணுதோன்னுகூட எழுதியிருக்காங்க."

"எழுதினவங்க அந்தத் தண்ணியில ஒருநாள் நின்னு பாத்தாங்களா சார்?"

"அவங்க பெரிய ஆராய்ச்சியாளர்மா. பெண்கள் உடல்நலத்துல அவங்க சொன்னா வெளிநாட்டுலயே கேக்கறாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கே ஊருக்குப் போய் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். யாராவது வந்து கேள்வி கேட்டார்களா என்றால், கேட்டார்கள் என்றாள்.

"நீ காலேஜ் ஆஸ்டல்ல இருக்கச்சொல்ல ரெண்டு பொண்ணுங்க வந்துச்சிங்க. நல்ல பொண்ணுங்க. மோர் குடுத்தேன்."

"அவங்களாண்ட நீ ஏன் மறைச்ச? ரத்தம் போவுதுன்னு ஏன் சொல்லல?"

"அய்ய, அப்பவும் விட்டு விட்டுப் போய்கினுதான் இருந்துச்சி. ஆனா அதைக் கேக்கவே இல்லடி. வூடு சொந்தமா, கக்கூஸ் கீதா, வலை கீதா, போட்டு கீதான்னு கேட்டுச்சிங்க. அப்பால கையில கீற போன்ல ஏதோ தட்டிக்கினு எழுந்துடுச்சிங்க."

நான் நம்பவில்லை. நடத்துனரிடம் பட்ட அவமானத்தை நினைத்துக் கதை விடுகிறாள் என்றே எண்ணினேன். இரண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டு, நான் சாப்பிடாமல் கடைசிப் பேருந்துக்கு வந்துவிட்டேன்.

பிறகு எங்கள் கல்லூரியில் மகளிர் தின விழாவுக்கு அந்த ஆராய்ச்சியாளரையே சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். சென்னையில் பேராசிரியர். நான் அவரை வெறுப்பதற்குத் தயாராகி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல்வர் அவருடைய பெருமைகளை வாசித்தார். எங்கள் ஏரிப் பெண்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை எந்தெந்த நாட்டில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கையோடு சொன்னார். எண்ணிக்கை மறந்துவிட்டது, கைதட்டல் நினைவிருக்கிறது. பேராசிரியரோ நூல் சேலை கட்டிக்கொண்டு, தணிந்த குரலில், வெறுக்க வசதியில்லாத ஆளாக இருந்தார். ஏழைப் பெண்களிடம் அந்தரங்கக் கேள்விகளைக் கொச்சையாகக் கேட்கக்கூடாது, ஆங்கிலத்திலும் கேட்கக்கூடாது, அதற்காகவே நல்ல பழந்தமிழ்ச் சொல்லாகத் தேடி எடுத்துக் கேள்விகளை அமைத்தேன் என்றார். நானும் தமிழ் வாத்தியார் என்பதால், பரவாயில்லையே என்று நினைத்தேன். பிறகு கேள்விகளைத் திரையில் காட்டினார்.

தங்களிடம் வலை உண்டா? தங்களிடம் படகு உண்டா? தங்களுக்குப் பெரும்பாடு உண்டா?

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதல்வர் பார்த்த பார்வையில் மே மாதம் எனக்கு வேலை இருக்காது என்று தோன்றியது. அடுத்த கேள்வியும் திரையில் இருந்தது. உண்டு எனில், தொடர்ந்து வருமா, விட்டு விட்டு வருமா? இல்லை எனில், அடுத்த பகுதிக்குச் செல்க. உண்டு என்று சொன்ன வலைக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லோரும், முறை வைத்து வரும் என்று ஒரே மாதிரி பதில் சொன்னார்களாம். இப்படி ஒழுங்காக விட்டு விட்டு வருகிற ரத்தப்போக்கு வேறெங்கும் பதிவானதில்லை என்பதால்தான் அந்தக் கட்டுரை அவ்வளவு பேர் கவனத்துக்குப் போனது என்று அவர் விளக்கினார். என் சிரிப்பு நின்றுவிட்டது. வீடு சொந்தமா, கக்கூஸ் இருக்கிறதா, வலை இருக்கிறதா, படகு இருக்கிறதா. அக்கா பொய் சொல்லவில்லை. ரத்தத்தைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

விழா முடிந்து எல்லோரும் சமோசா தின்றுகொண்டிருந்தபோது அவரிடம் போனேன்.

"மேடம், எங்க பக்கத்துல பெரும்பாடுனா ரத்தம் இல்ல. மீன் பிடிக்கிற இடம்."

"புரியலையேம்மா," என்று புன்னகைத்தார்.

சீட்டுப் போடுவதையும் முறை வருவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார்.

"அப்போ உண்டுன்னு சொன்னவங்க?"

"பாடு இருக்கறவங்க மேடம்."

"இல்லைன்னு சொன்னவங்க?"

"எங்க அக்கா."

அவர் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாக்குச் சொல்லவில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்றேன். அவரை வெறுக்க வேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் வீணாகப் போனது. அதற்காக இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம் உண்டு.

அக்காவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆமாண்டி, இப்ப ஞாபகம் வருது. பெரும்பாடு உண்டான்னு கேட்டுச்சி. ஏரில சின்னப் பாடுகூட நமக்குக் கெடையாது, பெரும்பாட்டுக்கு எங்க போறதுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணும் சிரிச்சிச்சி." சிரித்து முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

அடுத்த வாரமே பேராசிரியர் தன் காரில் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுடன் நெடுநேரம் பேசினார். இந்த முறை அவர் கேட்டது அக்காவுக்குப் புரிந்தது. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். சென்னைக்குப் போகலாம் என்று சொல்லிச் சம்மதிக்கவும் வைத்துவிட்டார். ஆனால் அக்கா கார் சீட்டில் உட்கார மாட்டேன் என்றாள். துண்டு விரித்தோம், பிளாஸ்டிக் பை விரித்தோம், கேட்கவில்லை. இரண்டு சீட்டுக்கு நடுவே கால் வைக்கிற இடத்தில் குந்திக்கொண்டாள். "பரவால்ல மேடம், நீங்க வண்டிய எடுக்கச் சொல்லுங்க," என்றாள். சென்னை வரைக்கும் அப்படியேதான் வந்தாள். பேராசிரியர் முன்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தார், அழுகிறார் என்று தோள் அசைந்ததில் தெரிந்தது. மகள் அம்மாவின் தலையைத் தன் முட்டியில் சாய்த்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கர்ப்பப்பை வாயில் புற்று. சுற்றிலும் பரவிவிட்டது, அறுவை செய்ய முடியாது என்றார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிகளில் தடை செய்ய வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். எல்லோரும் கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். மாமா வந்து வார்டுக்கு வெளியே செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குக் காலிலும் கையிலும் தோல் வெடித்து உரிந்தது. "தண்ணி படாம இவ்ளோ நாளு நான் இருந்ததே இல்லடி," என்று காட்டினாள். அது மருந்தால் என்று டாக்டர் சொன்னதை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த மாதங்களில் பேராசிரியர் சும்மா இருக்கவில்லை. கட்டுரையில் பிழை இருக்கிறது என்று அதை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுதினார். அவர்கள் ஆதாரம் கேட்டார்கள். கொடுத்தார். இன்னும் கேட்டார்கள். கடைசியில், வட்டார வழக்கில் ஒரு சொல்லுக்கு வேறு பொருளும் இருக்கக்கூடும் என்று ஒரு மூலையில் ஒரு சின்னத் திருத்தம் போட்டார்கள். கட்டுரை அப்படியே நின்றது. இதற்கிடையில் அவருக்கு ஒரு விருது வேறு கொடுத்தார்கள். மேடையிலேயே தன் பிழையைச் சொன்னாராம்.

"என்ன பண்ணாங்க மேடம்?" என்று போனில் கேட்டேன்.

"எழுந்து நின்னு கைதட்டினாங்கம்மா. என் நேர்மைக்காம்," என்றார்.

மே மாதத்தில் என் வேலை எப்படியோ தப்பியது. கல்லூரிக் கணினியில் நானும் அவ்வப்போது தேடிப் பார்த்தேன். திருத்தத்தை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. கட்டுரையை எடுத்துக் காட்டுவது நிற்கவில்லை. எங்கள் ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாதவர்கள், அவர்கள் நாட்டுச் சதுப்பிலும் கழிமுகத்திலும் நிற்கிற பெண்களுக்குத் தண்ணீரால் தீங்கில்லை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேல் இன்னொருவர் சாய்ந்து எழுதினார்கள். அக்கா மோர் கொடுத்து அனுப்பிய ஒரு "இல்லை" அத்தனை தூரம் போயிருந்தது. அதைத் திரும்ப அழைத்து வரத்தான் யாரும் இல்லாமல் போனார்கள்.

இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மழை தொடங்கி, ஏரி நிரம்பி, இறால் நன்றாக வருகிற பருவத்தில் அக்கா செத்துப்போனாள். கடைசி நாட்களில் வலி தாங்காமல் அவள் கத்தியது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கேட்டது. மகள் பக்கத்தை விட்டு நகரவில்லை. காரியம் முடிந்த கையோடு மாமா காசிமேட்டுக்குப் போனார். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு மற்றப் பெண்களோடு ஏரியில் இறங்கினாள். என்னோடு பொன்னேரிக்கு வா என்றேன். வர மாட்டேன் என்றாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒருமுறை கையைக்கூட ஓங்கினேன். அவள் அம்மாவைப் போலவே பேச்சை மாற்றினாள்.

மறுபடியும் வண்டி அதிகாரியிடம் போனேன். அதே மரியாதை, அதே டீ.

"அந்த ஆராய்ச்சி தப்புன்னு ஆயிடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா உங்க பக்கம் பிரச்சினை இருக்குன்னு எங்கயும் வரலையேம்மா. புதுசா ஒரு சர்வே பண்ணி, இருக்குன்னு வந்துட்டா, அடுத்த மாசமே வண்டி அங்க நிக்கும். எழுதித் தரேன்."

இந்த முறை டீயைக் குடித்தேன். பேராசிரியரிடம் சொன்னேன். புது ஆய்வுக்கு அவர் எங்கெங்கோ அலைந்து அனுமதி வாங்கினார். கேள்விகளை என்னை எழுதச் சொன்னார். அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் அக்கா காதில் எப்படி விழும் என்று யோசித்து யோசித்து எழுதினேன். தூரமானால் ரத்தம் ரொம்பப் போகிறதா, துணி தாங்காமல் சேலையில் இறங்குகிறதா, தூரமாகாத நாளிலும் போகிறதா என்றெல்லாம் எங்கள் பேச்சிலேயே. எந்த மடச்சிக்கும் புரியும், எந்த மேதாவிக்கும் வேறு அர்த்தம் வராது. அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போன நாளிலிருந்து எனக்கு நம்பிக்கை வந்தது அந்த மேசையில் மட்டும்தான். அக்கா போய்விட்டாள், அவள் மகளுக்காவது வண்டி வந்துவிடும் என்று நினைத்தேன்.

ஏனென்றால் மகளுக்கும் ஆரம்பித்திருந்தது. சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியாதா? உதடு வெளுத்திருந்தது. உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடித்தாள். அவளுக்கு வந்திருப்பது அக்காவுக்கு வந்தது இல்லை, சின்ன வயசு, பார்த்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்று பேராசிரியர் தைரியம் சொல்லியிருந்தார். ஆனால் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்கப் பேராசிரியர் அனுப்பிய இரண்டு மாணவிகளை நானே கூட்டிக்கொண்டு போனேன். முதல் வீடு அக்கா வீடு. நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே ஒரு மாணவி நான் எழுதியதை நான் எழுதியபடியே கேட்டாள்.

"தூரமானா ரத்தம் ரொம்பப் போவுதா?"

"இல்லக்கா."

"துணி தாங்காம சேலையில எறங்குதா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"தூரமாவாத நாள்லயும் போவுதா?"

"எனக்கு ஒண்ணுமே கெடையாதுக்கா. நான் நல்லா கீறேன்."

நான் எழுந்து உள்ளே போய், அவள் பொய் சொல்கிறாள், ஆமாம் என்று போடுங்கள் என்றேன். மாணவி தர்மசங்கடமாகப் பார்த்தாள். "மேடம், அவங்க வாயால சொல்றதைத்தான் நாங்க போட முடியும். இன்னொருத்தர் சொல்லிப் போட்டா தப்பாயிடும். அதான் ரூல்ஸ்," என்றாள். அந்த விதி சரியானதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. என்னிடம் இடுப்பைக் காட்டி அழுதவர்கள், வெள்ளை போகிறது என்று ரகசியமாகச் சொன்னவர்கள், எல்லோரும் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து இல்லை என்றார்கள். கேள்வி எல்லோருக்கும் நன்றாகப் புரிந்திருந்தது. மாணவிகள் போன பிறகு நான் அக்கா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏண்டி பொய் சொன்ன? இன்னா கேட்டாங்கன்னு தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுது சித்தி."

"அப்பால இன்னா?"

"கார்ல வந்தாங்களே, அந்தம்மா கேட்டப்ப அம்மா எல்லாத்துக்கும் ஆமாம் ஆமாம்னு சொல்லிச்சி. நானும் வூட்டுக்குள்ளதான் இருந்தேன். அதுவரைக்கும் அம்மா நடந்துகினுதான் இருந்துச்சி, ஏரிக்குப் போய்கினுதான் இருந்துச்சி. ஆமாம்னு சொன்ன அன்னிக்கு இட்டுகினு போனாங்க. எப்படித் திரும்பி வந்துச்சின்னு நீயும்தானே பாத்த?"

அது அப்படியில்லை, ஆமாம் என்று சொன்னதால் அம்மா சாகவில்லை, சொல்ல நேரமானதால் செத்தாள் என்று எவ்வளவோ சொன்னேன். எம்.ஏ. படித்த வாய், வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிற வாய். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்து, "என்னை மட்டும் இட்டுகினு போய்டாத சித்தி," என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது.

அடுத்த வருஷ மழையும் விட்ட பிறகு பேராசிரியர் போனில் கூப்பிட்டார். கணக்குகள் வந்துவிட்டன என்றார். குரலில் உயிரே இல்லை. இந்த முறை சொல்லில் பிழையில்லை, கேட்ட முறையில் பிழையில்லை, யார் சரிபார்த்தாலும் குறை சொல்ல முடியாது. தண்ணீரில் நிற்கிற பெண்களுக்கு ரத்தப்போக்கு கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று வந்திருக்கிறது. பழைய கட்டுரையின் முடிவு சரிதான் என்று ஆகிறது. போட்ட திருத்தத்தை இனி எவரும் பொருட்படுத்தப் போவதில்லை. பொய் என்று தெரிந்ததை எழுதவும் முடியவில்லை, நிஜம் என்று தெரிந்ததை எழுத ஆதாரமும் இல்லை என்றார். வண்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"உங்க அக்கா பொண்ணு எங்கம்மா? அவளோட நான் ஒரு தடவை பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் அப்போது அக்கா வீட்டு வாசலில்தான் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஏரியில் வரிசையாகத் தலைகள் மட்டும் தெரிந்தன. அதில் எது அவள் தலை என்று எனக்குத் தெரியவில்லை.

"தண்ணியில நிக்கிறா மேடம்," என்றேன்.